வாதம் வம்சத்தைத் தொடருமா?

1915-ஆம் வருஷத்தில் எடுக்கப்பட்ட ஒரு சினிமாப் படத்தில், பிரெஞ்சு தேசத்துச் சித்திரக்காரர் ரெனுவாரை நாம் இன்றும் காணலாம். 74 வயதுக் கிழவர். விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிக் கோணிப்போயிருக்கின்றன. தூரிகையை அவர் கையில் மகன் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் சித்திரம் வளர்கிறது. வாயில் சிகரெட் புகைகிறது. (அந்தச் சிகரெட்டைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.) சுமார் 50-ஆவது வயதில் பற்றிய முடக்குவாதம் 1919-இல் ஆவி பிரியும் வரையில் அவரை விடவேயில்லை.

நம் வீடுகளிலும் இத்தகைய விரல்களுடன் அரிசி களையும் தாய்மார்கள் உண்டு. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இவ்வியாதி இரண்டு மூன்று மடங்கு அதிகம். தாயின் கையைப் பார்க்கும் மகள், "எனக்கும் வருமோ?" என்று வாய்விட்டுக் கேட்பதில்லை. சம்பந்தம் பேச வருகிறவர்களோ கேட்டே விடுகிறார்கள்!

இது சரீரத்தின் காவற்படையே சொந்த வீட்டைத் தாக்கும் வியாதி. நம் உயிரணுக்கள் தம்முள் அகப்பட்ட புரதத் துணுக்குகளை ஒரு தட்டில் ஏந்தி வெளியே நீட்டுகின்றன. வெள்ளை அணுக்கள் அதைப் பார்த்து, நம்முடையதா அந்நியமா என்று தீர்மானிக்கின்றன. தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. அது தாய் தந்தையரிடமிருந்து வருவது. இந்த வேற்றுமை குறையன்று. எல்லோருக்கும் ஒரே தட்டு இருந்தால், அதற்குப் பிடிபடாத ஒரு கிருமி ஊரையே வாரிக்கொண்டு போய்விடும் அன்றோ?

1978-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி என்பவர், டி.ஆர்.4 என்னும் தட்டு முடக்குவாதக்காரர்களில் 100-க்கு 70 பேரிடம் இருக்கக் கண்டார். 1987-இல் கிரெகெர்ஸன் முதலியோர் இன்னும் நெருங்கிச் சென்றார்கள். தட்டின் ஓரத்தில் 70 முதல் 74 வரையுள்ள ஐந்தே அமினோ அமிலங்களில் விஷயம் அடங்கியிருக்கிறது என்றார்கள். ஆனால் ஸ்டாஸ்ட்னி பரிசோதித்த ஆரோக்கியசாலிகளிலும் 100-க்கு 28 பேரிடம் அதே தட்டு இருந்தது! இதைக் கேட்டுச் சம்பந்திகள் சற்றே நிதானிக்கலாம்.

இரட்டைப் பிள்ளைகளின் கதை இதைவிடத் தெளிவானது. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களுக்கு மரபணுக்கள் ஒன்றே. எனினும் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது 100-க்குச் சுமார் 15 ஜோடிகளில்தான்.

மீதிக் காரணங்களில் ஒன்று புகையிலை. புகை, நுரையீரலில் உள்ள சில புரதங்களை உருமாற்றுகிறது. உருமாறிய துணுக்கு மேற்சொன்ன தட்டில் இறுகப் பொருந்துகிறது. காவற்படை அதை அந்நியமென்று மயங்கிவிடுகிறது. 2006-இல் ஸ்வீடன் தேசத்தார் வெளியிட்ட கணக்கு இது: இரு பெற்றோரிடமிருந்தும் அந்தத் தட்டைப் பெற்றுப் புகையும் பிடிப்பவருக்கு, இரண்டும் இல்லாதவரைவிட, ஒரு வகை முடக்குவாதம் வரும் அபாயம் 21 மடங்கு. ரெனுவாருக்குச் சிகரெட்டால்தான் வந்தது என்று நாம் சொல்லவில்லை. மகளின் ஜாதகத்தைப் பற்றிக் கவலையுறும் தந்தை, தம் கையிலுள்ள சிகரெட்டைப் பார்த்துக்கொண்டால் போதும்.

காலையில் எழுந்ததும் விரற்கணுக்கள் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்க மறுக்குமானால் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். மெதோட்ரெக்ஸேட் முதலிய மருந்துகளைத் தொடக்கத்திலேயே கொடுத்தால், பெரும்பாலோருக்கு விரல்கள் கோணாமல் காக்க முடிகிறது. ரெனுவாரின் காலத்தில் அவை இல்லை.