உங்களுக்குத் தெரியுமா? கூரை எழும்பும் கேம்பரை வீட்டிலேயே கட்டலாம்!

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் 'பாப்-அப் கேம்பர்' டிரெய்லரைத் தங்கள் வீட்டு கேரேஜிலேயே கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. சாலையில் ஓடும்போது கூரை தாழ்ந்து கிடக்கும். காற்றின் தடை குறையும். முகாமிட்டதும் கூரையை உயர்த்தினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம்.

உண்மையான சவால் அந்தக் கூரைதான். நான்கு மூலைகளும் ஒரே சீராக எழ வேண்டும். ஒரு மூலை சற்றுப் பின்தங்கினாலும் கூரை கோணிக்கொண்டு, அதைத் தாங்கும் தூண்கள் இறுகிவிடும். அதனால் ஒரே வின்ச்சைச் சுற்றினால் நான்கு தூண்களும் சேர்ந்து உயரும்படி கம்பிவடங்களைக் கப்பிகள் வழியே இழுத்துக் கட்டுகிறார்கள்.

சுவருக்கு ஓர் அருமையான உத்தி இருக்கிறது. கெட்டியான ஃபோம் பலகையின் மேல் கேன்வாஸ் துணியை விரித்து, தண்ணீர் கலந்த மரப்பசையில் ஊற வைத்து ஒட்டுவார்கள். காய்ந்ததும் வெளிச்சுவர் பெயின்ட் இரண்டு மூன்று கோட் அடித்தால் மழை தாங்கும் இலேசான சுவர் தயார். கண்ணாடியிழைக்கு ஆகும் செலவு இதற்கு இல்லை.

அமெரிக்காவில் பிளைவுட் 4-க்கு 8 அடிப் பலகையாக விற்பதால், பலரின் கேம்பர் வரைபடமும் அந்த அளவிலேயே தொடங்குகிறது.

எடையில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கிமேல் இறங்க வேண்டும். பின்பாரம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளிந்து, காரையும் சேர்த்து இழுத்துவிடும்.