சரணாலய எல்லையும் சூழல் சுற்றுலாவும்: சீகூர் யானை வழித்தடத்தை முன்வைத்து

இயற்கைப் பகுதிகளுக்கு மேற்கொள்ளப்படும் பயணம் அப்பகுதியின் சூழலைக் காப்பதாகவும், அங்கு வாழும் மக்களின் நலத்தை மேம்படுத்துவதாகவும் அமைதல் வேண்டும் என்பது சூழல் சுற்றுலாவுக்குப் பன்னாட்டுச் சூழல் சுற்றுலாச் சங்கம் 1990இல் வகுத்த வரையறையின் சாரமாகும். பயணியின் பொறுப்பை வலியுறுத்தும் இவ்வரையறை, அவர் இரவு தங்கும் நிலம் எத்தகையது எனக் கேட்பதில்லை. முதுமலையை அடுத்த சீகூர் பீடபூமியின் சிக்கல் இவ்விடைவெளியில்தான் தோன்றியது எனலாம்.

1940இல் சரணாலயமாகத் தொடங்கிய முதுமலை, 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. இங்குக் காட்டுயிர்களைக் காண வருவோர் வனத்துறை ஊர்தியில், வரையறுத்த தடத்திலேயே அழைத்துச் செல்லப்படுகின்றனர். புலிகள் காப்பகங்களின் உள்ளகப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தலாகாது என்பது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012இல் வகுத்த நெறி. ஆனால் தனியார் விடுதிகள் மிகுந்திருப்பது மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் போன்ற ஊர்களைச் சூழ்ந்த பட்டா நிலங்களில். உள்ளே எவ்வளவு கட்டுப்பாடு இருப்பினும் அது இந்நிலங்களைத் தொடுவதில்லை.

யானைக்கோ இவ்வெல்லை பொருட்டன்று. சீகூர் பீடபூமியின் தெற்கே நீலகிரியின் செங்குத்துச் சரிவு. வடக்கே மோயாற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. முதுமலைக்கும் கிழக்கேயுள்ள சத்தியமங்கலம் காடுகளுக்கும் இடையே வலசை செல்லும் யானைகளுக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய சமநிலமே வழி. அங்கு எழும் வேலியும் இரவு விளக்கும் வாகன நடமாட்டமும் அவ்வழியை மேலும் குறுக்குகின்றன. ஒவ்வொரு விடுதியும் தனித்து நோக்கின் சிறியதே. அவற்றின் கூட்டு விளைவே தடையாகிறது.

இவ்வழித்தடத்தை 2010 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவிக்கை செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இலும் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14ஆம் நாளிலும் அதனை உறுதி செய்தன. உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைத் தன் முடிவுக்கு அடிப்படையாகக் கொண்டமை கருதத்தக்கது. பேரிழப்பு நேர்ந்து மெய்ப்பிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் பொருள். விடுதியாளர் தரப்பும் சூழலுக்கு இசைந்த குடில்களையும் பழங்குடியினருக்குக் கிடைக்கும் வேலைவாய்ப்பையுமே தன் வாதமாக முன்வைத்தது. சூழல் சுற்றுலா என்னும் சொல் இவ்வழக்கில் இரு தரப்புக்கும் பயன்பட்டது வியப்பன்று. தீர்ப்பு வந்த மூன்று மாதங்களில், 2021 சனவரியில், மசினகுடிப் பகுதியில் காயமுற்றிருந்த ஆண் யானை ஒன்று இறந்தது. விடுதி வளாகமொன்றில் அதன்மீது எரியும் பொருள் வீசப்பட்ட காணொலி பின்னர் வெளிவந்தது.

எனினும் வேலைவாய்ப்பு வாதத்தைப் புறந்தள்ள இயலாது. விடுதி மூடப்படின் முதலில் கூலி இழப்போர் இருளர், குறும்பர் உள்ளிட்ட உள்ளூர் மக்களே. கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில், காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டாக உரித்து வந்தோரே சூழல் மேம்பாட்டுக் குழுவாக்கப்பட்டுக் காட்டு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பணியாற்றி வருகின்றனர். அவர்தம் வருவாய் காட்டை அறிந்த அறிவிலிருந்து வருகிறது. வழித்தடத்தில் கட்டடம் எழுப்புவதிலிருந்து அன்று. சீகூரில் விடுதிகளை அகற்றும் நடவடிக்கையோடு இத்தகைய ஏற்பாடும் உடன்நிகழ வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.