மூளைக் காய்ச்சல்: பெயர் ஒன்று, நோய்கள் பல... காரணத்தைத் தப்பாகக் கணித்தால் என்ன ஆகும்?

‘மர்மக் காய்ச்சலுக்குக் குழந்தை பலி.’ வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இப்படி ஒரு தலைப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டெஸ்க்கில் உட்கார்ந்து நாங்களே டைப் செய்தும் இருக்கிறோம். மறுநாள் ‘மூளைக் காய்ச்சல்தான் காரணம்’ என்று இன்னொரு செய்தி வரும். அத்தோடு மர்மம் தீர்ந்துவிட்டதாக நினைத்து அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

ஆனால் ‘மூளைக் காய்ச்சல்’ என்று சொல்வதால் எந்த மர்மமும் தீர்வதில்லை. வயிற்றுவலிக்கு எத்தனையோ காரணங்கள் இருப்பது போல, மூளைக் காய்ச்சலுக்கும் பல காரணங்கள் உண்டு. கொசு பரப்பும் வைரஸ், வௌவாலிடமிருந்து வரும் வைரஸ், புதரில் கடிக்கும் சிறு பூச்சி... சில சமயம் கிருமியே இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தடுப்பு முறை வேறு, சிகிச்சை வேறு. எது என்று தெரியாமல் போனதால் என்ன நடந்தது என்பதற்கு மலேசியா, உத்தரப் பிரதேசம், பீகார் என மூன்று இடங்களின் கதையைப் பார்க்கலாம்.

ஏ.இ.எஸ். என்றால் என்ன?

திடீர்க் காய்ச்சல். கூடவே வலிப்பு, அல்லது குழப்பம், உளறல், நினைவு தப்புதல். இப்படி வரும் நோயாளியை மருத்துவ உலகம் ‘அக்யூட் என்செஃபாலிடிஸ் சிண்ட்ரோம்’, சுருக்கமாக ஏ.இ.எஸ். என்று பதிவு செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறை இது. ‘மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது, காரணத்தைத் தேடுங்கள்’ என்பதுதான் இதன் அர்த்தம்.

வெப்பமண்டல நாடுகளில் இந்தத் தேடல் ரொம்பவே கஷ்டம். மழைக்காலம், நெல் வயல், கொசு, கால்நடை, வௌவால் எல்லாம் மனிதர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சந்தேகப்பட வேண்டிய கிருமிகளின் பட்டியல் நீளம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்து, குளிர்நிலை கெடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பல வைரஸ்கள் ரத்தத்தில் சில நாட்களே இருக்கும். கிராமத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் தடயமே போய்விடலாம்.

இந்தப் பட்டியலில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ஜப்பானிய மூளைக் காய்ச்சலை, அதாவது ஜே.இ.-யை. இந்தியாவில் மனிதர்களிடம் இது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், நம்ம வேலூரில். நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் வளரும் க்யூலெக்ஸ் வகைக் கொசுக்கள் இதைப் பரப்புகின்றன. பன்றிகளிலும் கொக்கு, நாரை போன்ற பறவைகளிலும் வைரஸ் பெருகும். தொற்று ஏற்படும் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருக்காது. மூளையைத் தாக்கிவிட்டால் மட்டும் மூன்றில் ஒருவர் வரை இறக்கலாம். பிழைப்பவர்களிலும் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு நிரந்தர நரம்பு, மனநலப் பாதிப்புகள் தங்கிவிடலாம்.

ஆக, ஜே.இ.-யைச் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. அதோடு தேடலை நிறுத்திக்கொள்வதுதான் பிரச்சினை.

மலேசியா 1998: தடுப்பூசி போட்டும் ஏன் நோய் வந்தது?

1998 செப்டம்பர் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரத்துக்கு அருகே பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக் காய்ச்சல் வரத் தொடங்கியது. பன்றி, கொசு, மூளைக் காய்ச்சல் மூன்றும் ஒரே இடத்தில். அப்போ ஜே.இ.-தானே? அதிகாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

‘யாருக்கு வருகிறது’ என்று பார்த்தால் கணக்கு இடித்தது. ஜே.இ. பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் நோய். இங்கே படுத்தவர்களோ வயதுவந்த ஆண்கள், அதிலும் பன்றிகளை நேரடியாகக் கையாண்டவர்கள். சீன வம்சாவளியினர்தான் அதிகம். பண்ணைகளில் வேலை செய்த இந்திய வம்சாவளியினரும் இருந்தார்கள். கொசு பரப்பும் நோய் என்றால் பண்ணைக்குப் போகாத அக்கம்பக்கத்தினரையும் அது விட்டுவைக்காது. ஆனால் அவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. இன்னொரு தடயம்: பன்றிகளும் சத்தமாக இருமிக்கொண்டு சுருண்டு விழுந்தன. ஜே.இ. வைரஸ் வளர்ந்த பன்றிகளை அப்படிச் செய்யாது.

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து அதுவரை யாரும் பார்த்திராத வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் கிராமம் சுங்கை நிபா. அதுதான் இன்று நாம் பயப்படும் நிபா வைரஸ்.

பழந்தின்னி வௌவால்களிடமிருந்து அது பன்றிகளுக்கு வந்திருந்தது. பண்ணைகளை ஒட்டியே பழமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப்போட்ட பழம் தொழுவத்தில் விழுந்தால் போதும். பன்றிகளிடமிருந்து தொழிலாளர்களுக்குத் தொற்றியது. காரணம் தெரிந்ததும் நடவடிக்கை மாறியது: 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன, நோய் நின்றது. ஆனால் அதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்துவிட்டார்கள். கொசுவை விரட்டிக்கொண்டிருந்த மாதங்களில் நோயுற்ற பன்றிகள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தன.

கோரக்பூர்: ஜே.இ. குறைந்த பிறகும் குழந்தைகள் ஏன் இறந்தார்கள்?

உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் 1978 முதலே மழைக்காலம் வந்தால் மூளைக் காய்ச்சலும் வரும். 2005-ல் நிலைமை கைமீறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மறு வருஷமே, 2006-ல், ஜே.இ. தடுப்பூசி முகாம்கள் தொடங்கின.

தடுப்பூசி வேலை செய்தது. ஏ.இ.எஸ். நோயாளிகளில் ஜே.இ. உறுதியானவர்களின் பங்கு வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வார்டுகள் காலியாகவில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட், செப்டம்பரிலும் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். வேறு ஏதோ வைரஸ், தண்ணீரில் வரும் கிருமி என்று வருஷக்கணக்கில் விவாதம் ஓடியது.

விடை கிடைத்தது ஆய்வாளர்கள் வேறு மாதிரி சோதித்துப் பார்த்தபோதுதான். சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் இந்த ஆய்வுகளில் முக்கியப் பங்கு வகித்தது. 2015, 2016-ல் சோதிக்கப்பட்ட ஏ.இ.எஸ். நோயாளிகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஸ்க்ரப் டைஃபஸ் தொற்றுக்கான எதிர்ப்பொருள் இருந்தது.

ஸ்க்ரப் டைஃபஸ் வைரஸ் நோய் கிடையாது. புதர், புல், வயல்வெளிகளில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வரும் பாக்டீரியா நோய். அதாவது, இதற்கு மருந்து இருக்கிறது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்று மெடிக்கல் ஷாப்களில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும், விலை மலிவான ஆன்டிபயாட்டிக்குகள்தான்.

யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த மருந்தைக் கொடுத்திருந்தால் அந்தக் குழந்தைகளில் பலருக்கு மூளை வரை நோய் போயிருக்காது. ‘இது வைரஸ், குறிப்பிட்ட மருந்து இல்லை’ என்ற நம்பிக்கையில் வருஷங்கள் போய்விட்டன. பிறகு உத்தி மாறியது: மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே இந்த ஆன்டிபயாட்டிக்குகள் கொடுக்கப் பரிந்துரைக்கப்பட்டது. யாருக்கு ஆபத்து அதிகம் என்றும் ஆய்வாளர்கள் தேடினார்கள். வயல்களில் விளையாடும், மாட்டுத்தீவனம் அள்ளும், திறந்தவெளியில் மலம் கழிக்கப் போகும் குழந்தைகள், விறகை வீட்டுக்குள் அடுக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் என்று பட்டியல் கிடைத்தது.

முஸாஃபர்பூர்: கிருமியே இல்லாத ‘மூளைக் காய்ச்சல்’

மூன்றாவது கதை பீகாரில். முஸாஃபர்பூர் லிச்சி பழத்துக்குப் பேர்போன ஊர். அங்கே 1995 முதல் மே, ஜூன் மாதங்களில் குழந்தைகளுக்கு ஒரு விநோத நோய் வந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கப்போன குழந்தை, விடியற்காலையில் வலிப்போடு எழும். மழை தொடங்கினால் நோயும் காணாமல் போகும். பேர் மட்டும் அதே ‘மூளைக் காய்ச்சல்’.

2014-ல் ஏழெட்டு வாரத்துக்குள் 390 பேர் இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். 122 பேர் இறந்தார்கள். இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து துருவினார்கள். முதுகுத்தண்டு நீரில் தொற்றுக்கான அடையாளம் இல்லை. பலருக்கு ரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைவாக இருந்தது. நோய் வந்த குழந்தைகளையும் வராத குழந்தைகளையும் ஒப்பிட்டபோது இரண்டு விஷயம் தெரிந்தது: நோயுற்ற குழந்தைகள் முந்தைய நாள் லிச்சி சாப்பிட்டிருந்தார்கள். பலர் ராத்திரி சாப்பாடு சாப்பிடவில்லை.

லிச்சியில், குறிப்பாகக் காயாக இருக்கும்போது, இயற்கையாகவே சில நச்சுகள் உண்டு. பட்டினி கிடக்கும்போது உடம்பு கொழுப்பை எரித்துச் சக்தி தயாரிக்கும். அந்த வேலையை இந்த நச்சுகள் தடுத்துவிடும். நன்றாகச் சாப்பிட்டு வளரும் குழந்தைக்கு லிச்சியால் ஆபத்தில்லை. ஊட்டச்சத்து இல்லாத, வெறும் வயிற்றோடு தூங்கிய குழந்தைக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கி மூளை ஸ்தம்பித்துவிடும். வேலூர் சி.எம்.சி.-யில் பணியாற்றிய வைராலஜிஸ்ட் டி.ஜேக்கப் ஜான் இந்தத் திசையை 2014-லேயே சுட்டிக்காட்டினார்.

இதற்குத் தடுப்பு: ராத்திரி ஒரு வேளை சாப்பாடு. முதலுதவி: உடனடியாகக் குளுக்கோஸ். இவ்வளவு தெரிந்த பிறகும் 2019-ல் பீகாரில் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். காரணம் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அந்தச் சாப்பாடும் குளுக்கோஸும் குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மூன்று கதையிலும் பொதுவான விஷயம் என்ன?

மூன்று இடத்திலும் ஆய்வகத்துக்கு வழி காட்டியது சில எளிய கேள்விகள்: யாருக்கு வருகிறது? எந்த மாதம்? எங்கே? யாருக்கு வரவில்லை? இந்தக் கேள்விகளை முறையாகக் கேட்டு, எண்ணிக் கணக்குப் போடும் துறைக்குப் பேர்தான் எபிடெமியாலஜி, தமிழில் நோய்ப்பரவலியல்.

கேள்வியை உடனே கேட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளா உதாரணம். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் மூளைக் காய்ச்சலோடு வந்ததும் டாக்டர்கள் உஷாரானார்கள். மாதிரி மணிப்பால் ஆய்வகத்துக்குப் போனது, புனே தேசிய வைராலஜி நிறுவனம் சில நாட்களில் நிபாவை உறுதி செய்தது. 17 பேர் இறந்தார்கள், அது பெரிய இழப்புதான். ஆனால் தொடர்பில் இருந்தவர்களைத் தேடித் தனிமைப்படுத்தியதால் சில வாரங்களில் நோய் அடங்கியது.

தமிழ்நாட்டில் நாம் என்ன செய்யணும்?

ஸ்க்ரப் டைஃபஸ் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு ஒரு மருந்தைவிட, டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுப்பது நல்ல பலன் தருவதாகக் காட்டியது. அதனால் இவற்றை நினைவில் வையுங்கள்:

* காய்ச்சலோடு வலிப்பு, உளறல், எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* காய்ச்சல் சில நாளாக விடவில்லை என்றால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் பாருங்கள். சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அது ஸ்க்ரப் டைஃபஸின் அடையாளமாக இருக்கலாம். எல்லோருக்கும் இந்தத் தழும்பு வராது.

* சமீபத்தில் வயலுக்கு, காட்டுக்குப் போனது, குளத்தில் குளித்தது, வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் இருந்தது என எல்லாவற்றையும், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

* நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

* ஜே.இ. பாதிப்புள்ள மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என இரண்டு டோஸ் தடுப்பூசி அரசு திட்டத்தில் இலவசமாகப் போடப்படுகிறது. உங்கள் மாவட்டம் பட்டியலில் இருக்கிறதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

இனி ‘மூளைக் காய்ச்சல்’ என்று டாக்டர் சொன்னால், தயங்காமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: “எதனால வந்த மூளைக் காய்ச்சல், டாக்டர்?” செய்தி எழுதும் நாங்களும் அதைக் கேட்டுவிட்டுத்தான் தலைப்பு வைக்க வேண்டும்.