ரொட்டியின் மதிப்பறிந்த தீவு

மத்திய தரைக்கடலில், சிசிலிக்குத் தெற்கே அமைந்துள்ள மால்டா 316 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட சிறிய நாடு. அங்கு ஆறுகள் இல்லை, விளைநிலமும் குறைவு. உணவுப் பொருள்களில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வந்து இறங்குகிறது. குடிநீரின் பெரும்பங்கு, கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறப்படுகிறது. அத்தீவில் கடந்த அக்டோபர் மாதம் பத்து நாள்கள் தங்கியிருந்தோம். அங்கே உண்டும், கடைவீதிகளில் உலவியும் அறிந்தவற்றை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதல் இரவில் கற்ற பாடம்

தலைநகர் வாலெட்டாவில் முதல் நாள் இரவு உணவு முடித்து, அட்டையை நீட்டினோம். ரூபாயில் செலுத்த விருப்பமா, யூரோவிலா எனக் கருவியின் திரை வினவியது. நம் நாணயமே தெளிவானது என எண்ணி ரூபாயைத் தொட்டோம். அறைக்குத் திரும்பிக் கணக்கிட்டபோதுதான், அன்றைய மாற்று விகிதத்தைவிடக் கணிசமாகக் கூடுதல் தொகை கழிந்திருப்பது புலப்பட்டது. பிறருக்கு அறிவுரை கூறும் வங்கிப் பணியிலேயே இருந்தும் ஏமாந்தோமே என வெட்கப்பட்டோம். ஆகவே, அயல்நாட்டில் எப்போதும் அந்நாட்டு நாணயத்தையே தெரிவு செய்க. புறப்படுமுன் அட்டையில் பன்னாட்டுப் பயன்பாட்டைச் செயற்படுத்தி, செலவு வரம்பை நிர்ணயித்து, திரும்பியதும் அதை நிறுத்திவிடுவது நலம்.

சந்தையும் சிற்றுண்டியும்

மறுநாள் முதல் உணவகங்களைக் குறைத்துக்கொண்டு, உள்ளூர் மக்கள் வாங்கும் இடங்களை நாடினோம். ஞாயிறுதோறும் மார்சஷ்லொக் துறைமுகக் கரையில் மீன்சந்தை கூடுகிறது. முகப்பில் இரு கண்கள் தீட்டிய வண்ணப் படகுகள் அருகே அசைந்துகொண்டிருக்கும். ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை ‘லம்பூக்கி’ மீனின் பருவம். நிழலை நாடி ஒதுங்குவது அம்மீனின் இயல்பு. ஆதலால் மிதவைகளைக் கடலில் விட்டு, அவற்றின் அடியில் திரளும் மீன்களை வலையிட்டுப் பிடிக்கின்றனர். மிதவைகளுக்குப் பனையின வகை மரத்தின் ஓலையைப் பயன்படுத்துவது அவர்களது பழைய மரபு.

சைவ உணவினரும் கவலையுற வேண்டியதில்லை. பட்டாணி மசியலோ ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ வைத்துச் சுட்ட ‘பஸ்தீத்ஸி’ மலிவாகவே பசியாற்றும். அவரையினப் பயறு ஒன்றைப் பூண்டுடன் மசித்த ‘பிஜில்லா’, கோசோ தீவின் சிறு பாலாடைக்கட்டிகள், சப்பாத்திக்கள்ளிப் பழம் ஆகியனவும் உண்டு. கசப்பு ஆரஞ்சும் மூலிகைகளும் சேர்ந்த ‘கின்னி’ எனும் பானம் 1952 முதல் அங்கு அருந்தப்படுகிறது. முதல் மிடறு முகம் சுளிக்க வைத்தது. மூன்றாம் நாள் நாங்களே கேட்டு வாங்கினோம்.

வெற்றுப் புட்டிக்கும் அங்கு மதிப்புண்டு. பானம் வாங்கும்போது புட்டி ஒன்றுக்கு 10 சென்ட் வைப்புத்தொகை வசூலிக்கின்றனர். புட்டியைக் கருவியில் இட்டால் அத்தொகைக்குரிய சீட்டுக் கிடைக்கும். 2022 நவம்பரில் தொடங்கிய ஏற்பாடு இது.

மூதாட்டியின் ரொட்டி

மால்டா மொழியில் ரொட்டிக்கு ‘ஹொப்ஸ்’ என்று பெயர். வளைகுடா நாடுகளில் பணிபுரிந்தோர் அறிந்த ‘குபூஸ்’ என்னும் சொல்லின் உறவே இது. ரொட்டிச் சூளைகளுக்குப் பேர்பெற்ற ஓர்மி என்னும் ஊரில் ஒரு ரொட்டி வாங்கிவந்தோம். மேலோடு மொறுமொறுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் இருந்தது. பாதியை உண்டோம். மீதி மறுநாள் காய்ந்துவிடவே, குப்பைக் கூடையருகே வைத்தோம்.

நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர் எண்பதைக் கடந்த மூதாட்டி. அவர் எதுவும் கூறாமல் அதை எடுத்துச் சென்றார். நீர் தெளித்து, தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்பில் ஊறிய கேப்பர் மொட்டுகளைத் தூவி எங்கள் முன் வைத்தார். “1942-இல் என் தாய் இதை எண்ணி எண்ணிப் பங்கிட்டாராம்,” என்றார்.

அவ்வாண்டு, இரண்டாம் உலகப் போரின் முற்றுகையில் அத்தீவு பட்டினியின் விளிம்பில் நின்றது. ரொட்டியும் பங்கீட்டுக்கு உட்பட்டது. பொதுச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. ஆகஸ்டில் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களுள் ஐந்தே கரை சேர்ந்தன. அவற்றுள் இறுதியாக, பெரிதும் சிதைந்த ‘ஓஹையோ’ எண்ணெய்க் கப்பல் ஆகஸ்டு 15-ஆம் நாள், மரியன்னையின் திருநாளன்று, துறைமுகத்துள் இழுத்துவரப்பட்டது.

இவ்வரலாற்றை அறிந்தபின் அத்தீவின் கடைவீதிகள் எங்களுக்கு வேறாகத் தோன்றின. எஞ்சிய நாள்களில் தேவையான அளவே வாங்கினோம். செலவு குறைந்தது, உணவின் சுவை குறையவில்லை. புறப்படும் நாள் காலையில் மிஞ்சியிருந்த காய்ந்த ரொட்டித் துண்டுக்கு நாங்களே நீர் தெளித்து, தக்காளி தேய்த்தோம். மூதாட்டிக்கும் ஒரு பங்கு வைத்தோம். அவர் சுவைத்துப் பார்த்து, “எண்ணெய் போதாது,” என்று சிரித்தார்.