இசையைக் கேட்கும் விளக்கு

கணினியில் ஒலிக்கும் இசைக்கு ஏற்ப எல்.இ.டி. விளக்குகளை ஒளிரச் செய்வது, மேடை விளக்கு அமைப்பவர்களுக்கு மட்டுமே கைவந்த நிலை மாறி, ஆர்வமுள்ள ஒரு கல்லூரி மாணவர் வீட்டு மேசையிலேயே செய்து பார்க்கக்கூடிய வேலையாகிவிட்டது. ஒரு கணினி, தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் ஒரு நுண்கட்டுப்படுத்தி, ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப் லைட், அதற்குத் தகுந்த பவர் சப்ளை ஆகியவை இருந்தால் ஒரே மாலைப்பொழுதில் விளக்குகள் மினுங்கத் தொடங்கிவிடும். எனினும் விளக்கு மினுங்குவது வேறு, பாட்டோடு இணைந்து மினுங்குவது வேறு. முதலாவதை எட்டியவர்களில் பலர் இரண்டாவதை எட்டாமல் சலித்துப்போவதற்குக் காரணம், கணினி ஒலியை அளக்கும் முறையும் மனிதக் காது அதை உணரும் முறையும் அடிப்படையிலேயே வேறுபட்டிருப்பதுதான். கண்ணும் தனக்கென ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது.

முதல் வேலை, ஒலிக்கும் பாட்டைக் கணக்கிடும் நிரலுக்குள் கொண்டுவருவது. மைக் ஒன்றை ஸ்பீக்கர் அருகில் வைத்துக் கேட்கச் செய்யலாம் என்றாலும், மின்விசிறியின் இரைச்சலும் தெருச் சத்தமும் அதில் கலந்துவிடும் என்பதால், கணினிக்குள் ஸ்பீக்கரை நோக்கிச் செல்லும் ஒலித் தரவையே இடையில் நகலெடுப்பது சிறந்தது. விண்டோஸில் வசாபி லூப்பேக் என்னும் வசதியும், லினக்ஸில் பல்ஸ்ஆடியோவின் மானிட்டர் என்னும் வழியும் இதற்கு உதவுகின்றன. மேக் கணினியில் பிளாக்ஹோல் போன்ற, மென்பொருளாலான ஒரு போலி ஒலிக்கருவியை நிறுவி இதே பயனைப் பெறுவது வழக்கம். இவ்வாறு கிடைப்பது எண்களின் நீண்ட வரிசை. குறுந்தகட்டின் தரத்தில், ஒலியலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு ஒவ்வோர் அளவும் ஓர் எண்ணாகப் பதியப்படுகிறது; இந்த எண்ணுக்கு மாதிரி என்று பெயர்.

இந்த வரிசையைப் பார்த்தவுடன் எது மேளம், எது குழல் என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் எல்லாக் கருவிகளும் ஒரே அலையாகக் கலந்தே வருகின்றன. கலந்த அலையை அதன் கூறுகளாகப் பிரிக்கும் வழியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசஃப் ஃபூரியே, வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்த தம் 1822ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்தார். எந்தச் சிக்கலான அலையையும் வெவ்வேறு அதிர்வெண் கொண்ட எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பது அதன் சாரம். அதிர்வெண் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்னும் எண்ணிக்கை, அதன் அலகு ஹெர்ட்ஸ். ஃபூரியேயின் கணக்கை அப்படியே போட்டால் 1,024 மாதிரிகளுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் பெருக்கல்கள் தேவைப்படும். 1965இல் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி ஆகிய இருவரும் வெளியிட்ட விரைவு முறை அதைச் சுமார் பத்தாயிரமாகக் குறைத்தது. எஃப்.எஃப்.டி. என்று இன்று அழைக்கப்படும் அந்த முறைக்குத் தூண்டுகோலாக இருந்தது இசையன்று. சோவியத் நாட்டின் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளை நில அதிர்வுப் பதிவுகளிலிருந்து கண்டறிய வேண்டும் என்ற அமெரிக்காவின் தேவையே. படுக்கையறைச் சுவரில் ஓடும் வண்ண ஒளிக்கும் அந்தத் தேவைக்கும் இத்தனை நெருங்கிய உறவு இருப்பது வியப்புக்குரியது.

1,024 மாதிரிகளை ஒரு தொகுதியாக எடுத்து எஃப்.எஃப்.டி. கணக்கிட்டால், 0 முதல் 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பு 512 சம அறைகளாகப் பிரிந்து, ஒவ்வோர் அறைக்கும் அதில் உள்ள ஒலியின் வலிமை கிடைக்கிறது; ஓர் அறையின் அகலம் ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸ். பெரும்பாலான முதல் முயற்சிகள் தடம் புரளும் இடம் இதுதான். அறைகள் சமமாக இருக்கின்றன என்பதால் விளக்குகளையும் அதே வரிசையில் சமமாகப் பங்கிட்டு இணைத்துவிட்டால், ஸ்ட்ரிப்பின் இடது ஓரத்தில் சில விளக்குகள் மட்டும் வெறிகொண்டு துள்ள, எஞ்சியவை இருண்டே கிடக்கும். காது அதிர்வெண்ணைக் கூட்டல் கணக்கில் அல்லாமல் பெருக்கல் கணக்கில் உணர்வதே இதற்குக் காரணம். ஒரு ஸ்தாயி மேலே செல்வது என்றால் அதிர்வெண் இரட்டிப்பாவது என்று பொருள். 100 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸுக்கு ஏறுவதும் 5,000 ஹெர்ட்ஸிலிருந்து 10,000 ஹெர்ட்ஸுக்கு ஏறுவதும் காதுக்கு ஒரே தூரம்தான். ஆனால் எஃப்.எஃப்.டி. தரும் அறைகளில், பாடகரின் குரலோ வீணையின் தந்தியோ அடிப்படைச் சுரமாக எட்டவே முடியாத 10,000 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒற்றை ஸ்தாயி 232 அறைகளை அடைத்துக்கொள்ள, மேளத்தின் அடிநாதம் வாழும் 43 முதல் 86 ஹெர்ட்ஸ் வரையிலான ஸ்தாயிக்கு ஒரே ஓர் அறைதான் கிடைக்கிறது. ஆகவே கீழே உள்ள அறைகளைத் தனித்தனியாகவும், மேலே செல்லச் செல்ல பத்து, ஐம்பது, நூறு என அறைகளைச் சேர்த்துக் கட்டியும் பத்துப் பதினாறு பட்டைகளாகத் திரட்டுவது முறை. வலிமையையும் நேராகப் பயன்படுத்தாமல் மடக்கை அளவில், அதாவது டெசிபலில், மாற்றிக்கொள்ள வேண்டும்.

கண்ணின் கதையும் இதே போன்றது. விளக்கின் ஒளியை 0 முதல் 255 வரையுள்ள எண்ணால் கட்டளையிடும்போது, 128 என்று கட்டளையிட்டால் உண்மையான ஒளி பாதியாகிறது, ஆனால் கண்ணுக்கு அது பாதியாகத் தெரிவதில்லை. கிட்டத்தட்ட முக்கால் வெளிச்சமாகவே தோன்றுகிறது. கண்ணுக்குப் பாதியாகத் தெரிய வேண்டுமானால் ஏறத்தாழ 56 என்று கட்டளையிட வேண்டும். காமா திருத்தம் எனப்படும் இந்தச் சிறு அட்டவணையை நிரலில் சேர்க்காதவரை, மெல்லிய ஒலிக்கும் விளக்கு பளிச்சென எரிந்து, உரத்த ஒலி வரும்போது மேலே செல்ல இடமின்றித் திகைக்கும்.

ஏற்ற இறக்கத்தின் வேகத்திலும் கண் ஒரு சமனின்மையை விரும்புகிறது. அறைகளின் வலிமை நொடிக்கு நாற்பது முறைக்கு மேல் மாறுவதால், அதை அப்படியே விளக்குக்கு அனுப்பினால் ஒளி நடுங்கும். சராசரி எடுத்து மென்மையாக்கினால் தாளம் மழுங்கும். ஏறும்போது உடனே ஏறி, இறங்கும்போது மெல்ல இறங்குமாறு செய்வதே தீர்வு. வானொலி நிலையங்களின் பொறியாளர்கள் இதை 1930களிலேயே அறிந்திருந்தனர், பி.பி.சி. பயன்படுத்திய ஒலி உச்சமானியின் முள் கணத்தில் எழுந்து, இயக்குபவரின் கண் அந்த உச்சத்தைப் படித்துக்கொள்ளும் வரை நிதானமாகச் சரிந்து இறங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அடித்த மேளமும் மீட்டிய தந்தியும் அவ்வாறே சட்டென எழுந்து மெல்ல அடங்குகின்றன என்பதால், இந்த இறக்கம் செயற்கையாகத் தோன்றுவதில்லை.

எந்த ஒலிக்கு எந்த நிறம் என்பதில் மட்டும் இயற்கை எந்த வழிகாட்டலும் தரவில்லை. நியூட்டன் 1704இல் வெளியிட்ட நூலில் ஒளியின் ஏழு நிறங்களை இசையின் ஏழு சுர இடைவெளிகளோடு பொருத்திக் காட்டினார். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்கிரியாபின் 1910இல் முடித்த ‘பிரமீதியஸ்’ என்னும் படைப்பில் வண்ண விளக்குக்கென்றே தனி வரி எழுதினார். 1970களில் புழங்கிய வண்ண விளக்குப் பெட்டிகள் ஒலியை மூன்று வடிகட்டிகளால் பிரித்துத் தாழ்ந்த ஒலிக்கு ஒரு நிறம், நடுவொலிக்கு ஒன்று, உச்ச ஒலிக்கு ஒன்று என எரிந்தன. இவை யாவும் வகுத்துக்கொண்ட வழக்கங்களே. நிறத்தை மெதுவாக மாறவிட்டு, ஒளியின் ஏற்றத்தை மட்டும் தாளத்திடம் ஒப்படைப்பதே கண்ணுக்கு இதமானது.

கணக்கு முடிந்தபின் அது விளக்கை அடைய வேண்டும். இன்று பெரிதும் விற்கும் ஸ்ட்ரிப்களில் டபிள்யூ.எஸ். 2812பி என்ற வகை, ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சிறு சில்லைப் பொதிந்து வைத்திருக்கிறது. பந்தி பரிமாறும்போது முதல் இலைக்காரர் தம் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவரிடம் தள்ளிவிடுவதைப் போல, வரும் தரவில் முதல் 24 துண்டுகளைத் தனக்கென எடுத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த விளக்குக்கு அது கடத்துகிறது. ஒரு துண்டுக்கு 1.25 மைக்ரோநொடி வீதம் ஒரு விளக்குக்கு 30 மைக்ரோநொடியும், 300 விளக்குகளுக்கு 9 மில்லிநொடியும் ஆகும். இத்தனை நுட்பமான நேரக் கட்டுப்பாடு, பல வேலைகளை மாற்றி மாற்றிச் செய்யும் கணினிக்கு எளிதில் கைவராது என்பதால்தான் இடையில் ஆர்டுயினோ அல்லது இ.எஸ்.பி.32 போன்ற நுண்கட்டுப்படுத்தி தேவைப்படுகிறது. ஆர்டுயினோவுக்கு யு.எஸ்.பி. கம்பி வழியே வழக்கமான 115,200 வேகத்தில் 300 விளக்குகளின் நிறங்களையும் அனுப்ப முயன்றால் நொடிக்குப் பதின்மூன்று படங்கள்கூடத் தேறாது, ஒளி தத்தித் தத்தித்தான் நகரும்; எனவே பட்டைகளின் வலிமையை மட்டும் அனுப்பி நிறத்தை ஆர்டுயினோவே தீர்மானிக்கச் செய்யலாம், அல்லது இ.எஸ்.பி.32க்கு வைஃபை வழியே முழுப் படத்தையும் அனுப்பலாம்.

மின்சாரத்தைப் பற்றிய அலட்சியம் ஸ்ட்ரிப்பையும் சில வேளை கணினியையும் கெடுத்துவிடும். ஒரு விளக்கு முழு வெண்மையில் எரியும்போது 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கக்கூடும் என்று கொண்டால், 300 விளக்குகளுக்கு 5 வோல்ட்டில் 18 ஆம்பியர் வேண்டும். கணினியின் சாதாரண யு.எஸ்.பி. வாயில் தரும் அரை ஆம்பியர் எட்டு விளக்குகளுக்கே சரியாகப் போய்விடும். தனி பவர் சப்ளையின் கிரவுண்டு கம்பியை நுண்கட்டுப்படுத்தியின் கிரவுண்டோடு சேர்த்துக் கட்டாவிட்டால் விளக்குகள் கண்டபடி மினுங்கும். ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்த ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப்பை வெள்ளையாக எரியவிட்டுப் பார்த்தால், தொடக்கத்தில் தூய வெள்ளையாக இருக்கும் ஒளி, கடைசியை நெருங்க நெருங்க மஞ்சள் பூசி, பின் செம்மை ஏறித் தெரியும். செப்புத் தடத்தில் வோல்ட் குறைந்துகொண்டே வர, அதிக வோல்ட் கேட்கும் நீலமும் பச்சையும் முதலில் சோர்ந்துபோக, குறைவாகக் கேட்கும் சிவப்பு மட்டும் தாக்குப்பிடிப்பதே அதன் காரணம். இரு முனைகளிலும் மின்சாரம் கொடுத்தால் இக்குறை தீரும்.

ஒலிக்கும் ஒளிக்கும் இடையே எவ்வளவு தாமதத்தை மனம் பொறுக்கும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. தொலைக்காட்சிக்காகப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த பரிந்துரையின்படி, ஒலி காட்சிக்கு 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் உணர்ந்துவிடுகிறார், பிந்தினாலோ 125 மில்லிநொடி வரை உணர்வதில்லை. ஆற்றங்கரையில் அக்கரைக் கல்லில் துணி அடிபடுவது முதலில் தெரிந்து சத்தம் பிறகே வந்துசேர்வதைக் கண்டு பழகிய மனத்துக்கு, ஒலி பிந்துவது இயல்பு, முந்துவது முரண். ஒளி தாமதமாகும் இந்த ஏற்பாட்டில் ஒலிதான் முந்துகிறது. 1,024 மாதிரிகள் நிரம்ப 23 மில்லிநொடியும், விளக்குகளுக்குத் தரவு ஓட 9 மில்லிநொடியும், வைஃபைக்குச் சில மில்லிநொடியும் போக, கையிருப்பில் எஞ்சுவது மிகக் குறைவு. தாழ்ந்த சுரங்களைத் துல்லியமாகப் பிரிக்க விரும்பி 4,096 மாதிரிகளை எடுத்தால் அவை நிரம்பவே 93 மில்லிநொடி ஆகிவிடும். அதிர்வெண்ணில் துல்லியம் கூடினால் நேரத்தில் துல்லியம் குறையும் என்பது கணிதமே விதித்த எல்லை. எவ்வளவு வேகமான கணினி வாங்கினாலும் அதைத் தாண்ட முடியாது. புளூடூத் ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். அங்கு ஒலியே பிந்துவதால், நிரலில் ஒளியை வேண்டுமென்றே நிறுத்திவைத்து அனுப்ப வேண்டியிருக்கும்.

அறை முழுவதையும் ஒரே நேரத்தில் வெட்டி வெட்டி எரியச் செய்யும் அமைப்பை, குறிப்பாக அடர் சிவப்பில், தவிர்த்தே ஆக வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போகிமான் தொடரில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னியதைப் பார்த்த குழந்தைகளில் 685 பேர் வலிப்பும் மயக்கமுமாக மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நொடிக்கு மூன்று மின்னல்களுக்கு மேல் கூடாது என்பது இணையப் பக்கங்களுக்கும் வகுக்கப்பட்ட வரம்பு.

இணையத்தில் கிடைக்கும் ஆயத்த நிரல்கள் பெரும்பாலும் நடன இசையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கர்நாடகக் கச்சேரியின் பதிவை அவற்றுக்குக் கொடுத்தால் அவற்றின் குறை உடனே வெளிப்படும். தம்புராவின் சுருதி ஓயாமல் ஒலிப்பதால் அதற்குரிய பட்டை அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பட்டையிலும் கடந்த சில நொடிகளின் சராசரியைக் கழித்துவிட்டு, மிஞ்சுவதை மட்டும் விளக்குக்கு அனுப்பினால் தம்புரா பின்னணிக்குச் சென்றுவிடும். கமகம் அதைவிடக் கடினமானது. ஒரு சுரம் அசைந்து அசைந்து பக்கத்து அறைகளுக்குள் நுழையும்போதெல்லாம் அங்கே வலிமை திடீரெனக் கூடுவதால், புதிய தட்டு ஒன்று விழுந்ததாக நிரல் ஏமாந்து மின்னுகிறது. 2013இல் செபாஸ்டியன் போக், கெர்ஹார்ட் விட்மர் ஆகியோர் மேற்கத்திய இசையின் குரல் நடுக்கத்துக்காக ஒரு வழி சொன்னார்கள்: ஓர் அறையை அதன் சென்ற கண வலிமையோடு மட்டும் ஒப்பிடாமல், சென்ற கணத்தில் அதன் அக்கம்பக்கத்து அறைகளில் இருந்த உச்சத்தோடு ஒப்பிட்டால், நகர்ந்து வந்த சுரம் புதிதாகப் பிறந்த சுரமாகத் தோன்றாது. கமகத்துக்கும் இது பொருந்துகிறது, ஆனால் அசைவு அகலமாக இருப்பதால் அக்கம்பக்கத்தின் எல்லையையும் அகலப்படுத்த வேண்டும்.

மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையையும் அதிர்வெண்ணை மட்டும் வைத்துப் பிரித்தெடுக்க முடியாது. அதன் நடுவிலுள்ள கருப்புப் பூச்சு தோலின் அதிர்வுகளைத் தந்தியின் அதிர்வுகளைப் போல ஒழுங்கான மடங்குகளாக்கிவிடுகிறது என்பதை சி. வி. ராமன் 1920இலேயே எடுத்துக்காட்டினார். காதுக்கு இனிமை தரும் அதே ஒழுங்கினால், கணினிக்கு அந்தத் தட்டும் வயலினின் சுரமும் ஒரே சாயலில் தெரிகின்றன. அதனால் வலந்தலைக்கு அதிர்வெண்ணைவிட, தட்டு விழும் கணத்தின் திடீர் ஏற்றத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. ரவையைக் குழைத்து அப்பிய இடப்பக்கத் தொப்பியின் தாழ்ந்த ஒலி கீழ்ப்பட்டையில் விழுவதால், அதற்கு இந்தத் தொல்லை இல்லை. தனி ஆவர்த்தனத்தில் குரலும் வயலினும் ஓய்ந்து, தம்புரா கழிக்கப்பட்டு, கீழ்ப்பட்டை மட்டும் விளக்கோடு இணைக்கப்பட்டிருக்கும் நிலையில், இடக்கை விழும் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரிப்பின் நடுவிலிருந்து ஒளி இருபுறமும் விரிந்து, கை தோலை அழுத்தி நாதத்தை வளைக்கும்போது அதனுடனேயே வற்றி அடங்குகிறது.