உங்களுக்குத் தெரியுமா? கோவிவன் என்றொரு நாய்

ஒடுகத்தூரில் நின்று தெற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. மலையைத் தாண்டினால் செங்கம். அந்த வட்டாரத்துக் காட்டிலும் வரப்போரத்திலும் நிற்கும் நடுகற்கள், ஊர்ச் சண்டையையும் வீட்டு இழவையும் ஒரே பலகைக்கல்லில் செதுக்கி வைத்தவை. பல்லவர் காலக் கற்கள் பல, எழுத்து வட்டெழுத்து.

● இவற்றில் பல, பேரரசர்களின் பெரும்போருக்காக நட்டவை அல்ல. மாட்டு மந்தையைக் கவரப் போய் இறந்தவனுக்கும், மீட்கப் போய் இறந்தவனுக்கும் நட்டவை. மாடுதான் அன்றைய செல்வம். அதனால் மந்தை பிடிப்பதே அரசியல். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இறந்தவன் யாருடைய ஆள், எதற்காகப் 'பட்டான்' என்று கல் சொல்லும். பட்டான் என்றால் சண்டையில் இறந்தான். செதுக்கிய கையின் பெயரைத்தான் பெரும்பாலும் காண முடிவதில்லை.

● செங்கத்தை அடுத்த எடுத்தனூர்க் கல்லை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எருமைகளைக் காக்கும் சண்டையில் பட்டவன் கருந்தேவக்கத்தி. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், திருடர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே எழுதியிருக்கிறார்கள். எசமானை இழந்த நாயையும் துக்கத்தில் சேர்த்துக்கொண்ட அந்தச் சிற்பி பெரிய கலைஞன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

● நடுகல்லுக்குக் கல்லைத் தேர்வதிலிருந்து அதை வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல்.

● செங்கம் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடும் சாமி, பல இடங்களில் ஒரு நடுகல்தான்.

● இழப்பைப் பதிந்து வைக்கும் வேலை நடுகல்லோடு முடியவில்லை. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'முடிவுறாத தோம்பு' என்ற நூலை உருவாக்கினார். தோம்பு என்பது ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்த நிலப் பதிவேடு. இலங்கை உள்நாட்டுப் போரில் வீட்டை விட்டு ஓடியவர்களிடம், உங்கள் வீட்டை நினைவிலிருந்து வரைந்து கொடுங்கள் என்று கேட்டார். கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எங்கே என்று அவர்கள் தங்கள் கையாலேயே கோடு போட்டார்கள். அதை வைத்துக் கட்டட வரைபடம் ஒன்று. பிறகு சனாதனனின் ஓவியம் ஒன்று. அரசாங்க ஏட்டில் இல்லாத இழப்புக்கு இதுவே பதிவேடு.

● பெற்றவளே சிற்பியான கதையும் உண்டு. ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் மகன் பீட்டர், 1914 அக்டோபரில் முதல் உலகப்போரில் இறந்தபோது வயது 18. மகனுக்கான நினைவுச்சிற்பம் 1932இல்தான் நிறைவேறியது. மகன் வாழ்ந்த காலத்துக்கு ஏறத்தாழ இணையான ஆண்டுகள் அதற்கும் ஆயின. அதில் மகன் இல்லை. தாயும் தந்தையும் தனித்தனியே மண்டியிட்டிருக்கிறார்கள். இன்று அது பெல்ஜியத்தில், மகனின் உடல் இருக்கும் கல்லறைத் தோட்டத்திலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பீட்டர் என்றே பெயரிட்ட பேரனையும் அந்தத் தாய் இழந்தார்.

● இனி நம் ஊருக்குத் திரும்புவோம். உங்கள் ஊர் ஏரிக்கரையில் வில்லோ வாளோ ஏந்திய உருவத்தோடு ஒரு கல் இருக்கிறதா? கும்பிடுங்கள், பொங்கல் வையுங்கள். எனாமல் பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள்; எழுத்து மறைந்துவிடும். எழுத்து தெரிந்தால் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.