விருந்தினர் ஊரும் தொற்றுநோயும்

ஓர் ஊரில் நோய் பரவினால், அதனை முதலில் அறிபவர் அவ்வூர் வைத்தியரே என்பது பொதுவான எண்ணம். சாதாரணக் கிராமங்களைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால், உல்லாசப் பிரயாணிகளின் வருகையால் வாழும் கிராமத்தின் நிலைமை வேறு. அங்கே நோய் தொற்றுவது ஓரிடம், வெளிப்படுவது வேறோரிடம். இவ்வுண்மையை உணரத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு, 2020ஆம் ஆண்டில் ஒஸ்திரியா நாட்டின் இஷ்கிள் என்னும் மலைக்கிராமத்தில் நிகழ்ந்தவை தக்க உதாரணமாகும்.

இஷ்கிள், திரோல் மாகாணத்தில், அல்ப்ஸ் மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் பாஸ்னவுன் பள்ளத்தாக்கில் உள்ளது. அங்கே நிலையாக வாழ்வோர் ஏறக்குறைய 1,600 பேர். குளிர்காலத்தில் அவர்களைப் போலப் பன்மடங்கு பிரயாணிகள் பனிச்சறுக்கு விளையாட்டுக்காக வந்து தங்குவர். பகலெல்லாம் மலைச்சரிவில் விளையாடியவர்கள், மாலையில் மதுச்சாலைகளில் தோளோடு தோள் நெருங்கி நின்று உரத்த குரலிற் பாடி மகிழ்வர். அவர்களுக்குப் பணி செய்வோர் பலர், பருவ வேலைக்கு வெளியிடங்களிலிருந்து வந்து, ஓர் அறையைப் பலராகப் பகிர்ந்து வாழ்பவர்கள். மூச்சுக்காற்றின் வழியே பரவும் நோய்க்கு இதனினும் வசதியான இடம் வேண்டுவதில்லை.

கிருமி உடலிற் புகுந்த நாளுக்கும் நோயின் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் நோயரும்பு காலம் எனப்படும். 2020இன் தொடக்கத்திற் பரவிய கொரோனா நோய்க்கு அது சராசரியாக ஐந்து நாள். பிரயாணிகளுட் பலர் ஒரு வாரமே தங்குவர். சனிக்கிழமை ஒரு கூட்டம் போக, இன்னொரு கூட்டம் வரும். ஆகவே, வாரத்தின் நடுவில் தொற்றுக்கு ஆளானவர் தம் வீட்டை அடைந்த பின்னரே காய்ச்சலில் விழுவர். கிராமத்திலோ, இளம் பணியாளர்கள் அதனைச் சிறு தடிமன் என எண்ணி வேலைக்குப் போவர். ஊர் நலமாகவே காட்சியளிக்கும்.

இஷ்கிளில் நடந்ததும் இதுவே. அங்கிருந்து ஐஸ்லாந்துக்குத் திரும்பியோர் சிலரிடம் நோய் காணப்பட்டது. 2020 மார்ச் 5ஆந் திகதி ஐஸ்லாந்து, இஷ்கிளை ஆபத்து மிகுந்த இடங்களின் பட்டியலிற் சேர்த்தது. திரோல் அதிகாரிகளோ, அவர்கள் விமானப் பயணத்தின்போதே தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் எனக் கருதினர். மார்ச் 7ஆந் திகதி மதுச்சாலைப் பணியாளர் ஒருவருக்கு நோய் இருப்பது உறுதியாயிற்று. அதன் பின்னரும், அங்கு வந்து சென்றோர்க்கு நோய் தொற்றியிருத்தல் அரிது என்றே அறிவிக்கப்பட்டது. மார்ச் 10ஆந் திகதி அத்தகைய மதுச்சாலைகள் யாவும் மூடப்பட்டன. பனிச்சறுக்குப் பருவத்தை முடித்துக்கொள்ளும் அறிவிப்பு 12ஆந் திகதியே வந்தது.

மறுநாள் பிற்பகல், பள்ளத்தாக்கு முழுவதும் தனிமைப்படுத்தப்படும் என நாட்டின் தலைமை அமைச்சர் அறிவித்தார். அதற்கான ஆயத்தங்கள் முன்கூட்டியே செய்யப்படவில்லை. பிரயாணிகள் பதற்றத்துடன் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு மோட்டார் வண்டிகளிற் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அவர்களோடு கிருமியும் பல நாடுகளுக்குப் போயிற்று. ஜேர்மனி, டென்மார்க், நோர்வே முதலிய நாடுகளில் முதற் கட்டத்தில் நோயுற்றோர் பலர் திரோலிலிருந்து திரும்பியவர்களே.

ஏப்ரல் மாத இறுதியில் இன்ஸ்புருக் மருத்துவப் பல்கலைக்கழகத்தார் இஷ்கிளில் 1,473 பேரைப் பரிசோதித்தனர். நூற்றுக்கு 42 பேரின் இரத்தத்தில் அந்நோய்க்கான பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. அவர்களுட் பெரும்பாலோர்க்கு, அதற்கு முன்னர் நோய் இருப்பதாகக் கண்டறியப்படவே இல்லை. பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, தவறான மதிப்பீடுகள் நிகழ்ந்தனவென்றும், மார்ச் 9ஆந் திகதியே ஊரின் பொழுதுபோக்கு நடவடிக்கைகளை நிறுத்தியிருக்கலாமென்றும் 2020 ஒக்டோபரில் அறிவித்தது.

இதிலிருந்து பெறத்தக்க பாடங்கள் சில உள. விருந்தினரால் வாழும் கிராமத்துக்கு முதல் எச்சரிக்கை வெளியிலிருந்தே வரும். அதனை ஊரின் மீது சுமத்தப்பட்ட பழியெனக் கொள்ளாது, தன் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் உதவியெனக் கொள்ளல் வேண்டும். ஐயம் தோன்றியவுடன் மக்கள் நெருங்கிக் கூடும் இடங்களை மூடுதல் வேண்டும்; முழு உறுதி வரும்வரை காத்திருப்போர் பெரும்பாலும் காலங் கடந்தே செயற்படுவர். ஊரை அடைப்பதற்கு முன்னரே, தங்கியிருப்போர்க்கு உணவும் இருப்பிடமும் வைத்திய வசதியும் ஏற்பாடு செய்தல் வேண்டும். அவர்களை அனுப்புவதாயின், பெயரும் முகவரியும் குறித்து, அவர்தம் நாட்டுச் சுகாதாரப் பகுதியினர்க்கு அறிவித்த பின்னரே அனுப்புதல் வேண்டும். பருவப் பணியாளர்க்கு நோய்நாட் சம்பளமும் தனியறையும் கிடைத்தாலன்றி அவர்கள் தம் நோயை வெளியிடத் துணியார்.

இவை யாவற்றுக்கும் அடிப்படை, உண்மையைக் கூறுபவர் அதனால் அழிந்துபோகாத நிலையே. ஒரு விடுதியை மூடினால் பல குடும்பங்களின் வருவாய் நின்றுவிடும் என்னும் அச்சம் இயற்கையானது. ஒஸ்திரியாவின் 1950ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம், அதன் கீழ் மூடப்படும் தொழில்களுக்கு இழப்பீடு வழங்க இடமளித்திருந்தது. இத்தகைய ஆதரவு விரைந்தும் உறுதியாகவும் கிடைக்குமென்று அறிந்த ஊரே, தயக்கமின்றித் தன் கதவை உரிய நாளில் மூடும்.

இஷ்கிள் மக்கள் ஏறக்குறைய நாற்பது நாள் தனிமையில் இருந்தனர். ஏப்ரல் 22ஆந் திகதியுடன் அது முடிவுற்றது. பின்னர் பிரயாணிகளும் மீண்டும் வந்தனர். நோய் வந்தமை அவ்வூரின் குற்றமன்று. அது எவ்வூருக்கும் வரலாம். ஆனால், வீடு திரும்பிய விருந்தினர் அனுப்பும் செய்திக்குச் செவிசாய்ப்பதும், விருந்தோம்பலின் ஒரு பகுதியேயாகும்.